செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை: எங்கிருந்து தேடுவது?

சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் நன்றாகவே எடுக்கிறது, எஞ்சினும் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்புகிறீர்கள், அதே கதை. இந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நிற்கும் நாலு பேரும் நாலு யோசனை சொல்வார்கள். ஒருவர் பேட்டரி என்பார், ஒருவர் பிளக் என்பார், இன்னொருவர் "தள்ளிப் பாக்கலாமே" என்று சட்டைக் கையை மடிக்கத் தொடங்கிவிடுவார்.

தள்ளுவதை முதலில் மறந்துவிடுங்கள். செல்ஃப் மோட்டார் செய்யும் வேலையை ஆள் பலத்தால் செய்வதுதான் தள்ளுவது. அந்த மோட்டார் ஏற்கெனவே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. 'டக்' என்ற சத்தத்தோடு செல்ஃப்பே எடுக்காமல் நின்றுபோவது வேறு நோய். அதற்குப் பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் (அதாவது செல்ஃப் மோட்டார்) பக்கம் போக வேண்டும். நாம் பார்க்கப்போவது எஞ்சின் சுற்றியும் உயிர் வராத வண்டி.

பெட்ரோல் எஞ்சின் பிடிக்க வேண்டுமானால் பெட்ரோல், காற்று, ஸ்பார்க், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படுவது) நான்கும் சரியான நேரத்தில் கூடி வர வேண்டும். சுற்றுகிற எஞ்சினுக்குள் காற்று எப்படியும் போய்விடும். ஏர் ஃபில்டர் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் ஸ்டார்ட் ஆகவே விடாமல் செய்வது அரிது. கம்ப்ரஷனும் நேற்று இருந்து இன்று காணாமல் போகிற பொருள் அல்ல, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் தவிர. ஆகப் பெரும்பாலும் மிஞ்சுவது ஒரே கேள்விதான்: பெட்ரோல் வரவில்லையா, ஸ்பார்க் வரவில்லையா? இதற்குப் பதில் தெரிவதற்கு முன்னால் பிளக்கை மாற்று, பம்ப்பை மாற்று என்று சாமான் வாங்கத் தொடங்கினால், நல்ல சாமான்கள் எல்லாம் வெளியே வரும், கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும்.

செல்ஃப்பை விடாமல் அடிக்காதீர்கள்

ஒரு தடவைக்கு 5 முதல் 10 விநாடி போதும். பிறகு அரை நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறும், பேட்டரி இறங்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், பின்னால் எஞ்சின் ஓடும்போது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கவும் கூடும். தண்ணீர் தேங்கிய சாலையில் மூழ்கி நின்ற வண்டியென்றால் ஒரு தடவைகூட அடிக்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சோதனை தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பக்கத்தில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. ஒருவர் சாவியிலும் ஒருவர் பானெட்டிலும் நின்றால், "அடி" என்று சொன்ன பிறகே சாவி திரும்ப வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறக்கும் முன்

சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், செல்ஃப் வேண்டாம். டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறதா பாருங்கள். அது எரிந்தால் கோளாறு என்று பலர் பயப்படுகிறார்கள். ஓடாத எஞ்சினில், சாவி ஆனில் இருக்கும்போது அது எரியத்தான் வேண்டும். எரியவில்லை என்றால் எஞ்சினின் மூளையான இ.சி.யுவுக்கே கரண்ட் போகவில்லை என்று சந்தேகப்படலாம். இ.சி.யு தூங்கினால் பம்ப்பும் ஓடாது, ஸ்பார்க்கும் வராது. அப்போது பார்க்க வேண்டியவை மெயின் ரிலே (கரண்டை இணைத்துவிடும் மின் சுவிட்ச்), இ.சி.யு ஃபியூஸ், எர்த் வயர். பிளக்கைக் கழற்றுவது வீண் வேலை.

அடுத்து சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு. அது வேகமாகக் கண்சிமிட்டினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. சில வண்டிகளில் இந்த நிலையில் செல்ஃப்பே எடுக்காது. சிலவற்றில் செல்ஃப் எடுக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது, அல்லது ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடும். ஒரே வளையத்தில் தொங்கும் மற்ற வண்டிச் சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள். ஸ்பேர் சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தால், ரிமோட்டையே பட்டனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பல மாடல்கள் ஏற்றுக்கொள்ளும். எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

பெட்ரோல் முள்ளையும் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். நான் ஒருமுறை காலை முழுவதும் ஃபியூஸ், ரிலே, பிளக் என்று கழற்றிப் பரப்பி வைத்திருந்தேன். முள் கால் டேங்க் காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஐந்து லிட்டர் ஊற்றினோம், இரண்டாவது செல்ஃப்பிலேயே பிடித்துவிட்டது. டேங்குக்குள் மிதவை சிக்கியிருந்ததாம். அன்றிலிருந்து முள் கால் டேங்குக்குக் கீழே இருந்தால் முதல் வேலையாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிவிடுகிறேன்.

காதைத் தீட்டுங்கள்

மறுபடி சாவியை அணைத்து, சில நொடி விட்டு, ஆன் செய்யுங்கள். பின் சீட் பக்கத்திலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இரண்டு விநாடி கேட்டு நிற்க வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. சத்தம் இல்லாவிட்டால் பம்ப் ஓடவில்லை என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்: சில வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தவுடனேயே பம்ப் ஓடி முடித்துவிடும். கதவை மூடி, சில நிமிடம் விட்டு, வேறொருவர் பின் சீட்டில் காது வைத்திருக்கும்போது திறந்து பாருங்கள். பம்ப் சத்தம் கேட்டால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பம்ப் ஓடுகிறது என்பது மட்டும் உறுதி.

இப்போது செல்ஃப் அடித்து, எஞ்சின் சுற்றும் தாளத்தைக் கேளுங்கள். ஆரோக்கியமான எஞ்சின் 'றூ... றூ... றூ...' என்று சீராகச் சுமை தூக்கி இறக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் கொஞ்சம் திணறுவதுதான் அந்தத் தாளம். தாளமே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, மிக்ஸி மாதிரி 'வீஈஈ' என்று ஒரே சீராகச் சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும் வகை எஞ்சின் என்றால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃப்பும் இன்னொரு வால்வை வளைக்கக்கூடும். பெல்ட்டின் மேல்மூடியை இரண்டு கிளிப் எடுத்துத் திறக்க முடிந்தால், திறந்து கண்ணால் பார்த்துவிடலாம். இல்லையென்றால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். சந்தேகத்தோடு சுற்றிப் பார்ப்பதைவிட அது மலிவு.

'றூ......ற்று......' என்று சோர்வாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள். செல்ஃப் எடுப்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நின்றிருக்கும்போது முழு சார்ஜ் உள்ள பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே போனால் மோட்டார் எப்படியோ சுற்றும், ஆனால் இ.சி.யுவும், பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் காயிலும் பட்டினியாகிவிடும். ஜம்ப் கேபிள் போட்டதும் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது.

மூக்கும் ஒரு கருவிதான்

சில தடவை செல்ஃப் அடித்த பிறகு சைலன்சர் பக்கம் போய் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் உள்ளே போகிறது, எரியவில்லை. ஸ்பார்க் பக்கம் சந்தேகம் திரும்புகிறது. வாடையே இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இதே பதில் இன்னும் தெளிவாகக் கிடைக்கும்: நனைந்த பிளக், காய்ந்த பிளக்.

வாடை பலமாக இருந்து, பிளக்கும் நனைந்திருந்தால், ஓவர் பெட்ரோல் ஆகியிருக்கலாம். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டடி நகர்த்தி உடனே அணைத்தவர்களுக்கு இது அதிகம் நடக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்து, அப்படியே வைத்துக்கொண்டு ஐந்து முதல் பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வைத்த பெரும்பாலான வண்டிகளில், முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இ.சி.யு பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். எஞ்சின் இருமி எழுந்தவுடன் காலை எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் வரவில்லை என்றால்

முதலில் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உட்புறம் படம் இருக்கும், அதில் பம்ப்புக்கான ஃபியூஸைக் கண்டுபிடியுங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். மறுபடி எரிந்தால் எங்கோ ஷார்ட் ஆகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். அடுத்து ரிலே. அதே எண் போட்ட ஹார்ன் ரிலே பக்கத்திலேயே இருந்தால் சாவியை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். வண்டி பிடித்து, ஹார்ன் அடிக்கவில்லை என்றால் குற்றவாளி கையில் இருக்கிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஃபியூஸும் ரிலேயும் நன்றாக இருந்தால், ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். வண்டிக்கு அடியில் படுக்காமல், எட்டித் தட்ட முடிந்தால் மட்டும். உள்ளே தேய்ந்துபோன பம்ப் மோட்டார் ஒரு தட்டில் சுற்ற ஆரம்பிப்பது உண்டு. அப்படிப் பிடித்தால் நேராக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போங்கள், வழியில் அணைக்காதீர்கள். இது மருந்து அல்ல, நோய் எது என்று மட்டும் சொல்லும்.

பம்ப்பின் கப்ளரில் (வயரை இணைக்கும் சாக்கெட்டில்) டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பதுதான் முறையான வழி. ஆன் செய்த அந்த இரண்டு விநாடியில் விளக்கு எரிகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப் போய்விட்டது. விளக்கே எரியவில்லை என்றால் பம்ப்பைத் தொடாதீர்கள், கரண்ட் வரும் வழியில் தேடுங்கள். எலி கடித்த வயரா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் மோதல் நேரும்போது பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது தானாக அணைந்துவிடுவதுண்டு, மேலிருக்கும் பொத்தானை அமுக்கினால் சரியாகும்.

பம்ப் ஓடியும் பிடிக்கவில்லை என்றால் அழுத்தம் அளக்க வேண்டும். சாதாரண இன்ஜெக்டர் வண்டிகளில் பொதுவாக 3 முதல் 4 பார் இருக்கும், உங்கள் மாடலுக்கான எண்ணை சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் வகை எஞ்சின்களில் உயர் அழுத்தக் குழாயைக் கழற்றவே கூடாது.

ஸ்பார்க் வரவில்லை என்றால்

பழைய முறையில் பிளக்கை எஞ்சின் மேல் வைத்து, வயரைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். வேண்டாம். காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட், பக்கத்தில் பெட்ரோல் ஆவி வேறு. ஸ்பார்க் டெஸ்டர் என்று சின்னக் கருவி கிடைக்கிறது. காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, பம்ப் ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து விநாடி செல்ஃப் அடித்தால் போதும். நீல நிறத்தில் சுறுசுறுப்பாகத் தாவினால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக இருந்தால் பலவீனம்.

ஒரு சிலிண்டரில் மட்டும் ஸ்பார்க் இல்லையென்றால் வண்டி ஆட்டத்தோடாவது ஸ்டார்ட் ஆகும். எல்லா சிலிண்டரிலும் இல்லாததுதான் ஸ்டார்ட்டே ஆகவிடாது. நான்கு காயிலும் ஒரே நாளில் சாவது நடக்காத காரியம். அப்படியென்றால் நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று போயிருக்கிறது. காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் ஃபியூஸ், அல்லது இனிச் சொல்லப்போகும் சென்சார்.

இரண்டும் வரவில்லை என்றால்

புதியவர்கள் குழம்பும் இடம் இது. எனக்கோ இதுதான் சுலபமான இடம். பம்ப்பும் ஓடவில்லை, ஸ்பார்க்கும் இல்லை என்றால் இரண்டு தனித்தனிக் கோளாறு ஒரே நேரத்தில் வந்ததாக நினைக்காதீர்கள். இரண்டுக்கும் உத்தரவு போடுவது இ.சி.யு. எஞ்சின் சுற்றுகிறது என்று அதற்குத் தெரிந்தால்தான் உத்தரவு போடும். அதைச் சொல்வது கிராங்க் சென்சார். கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரத்தைப் பார்த்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பு அனுப்பும் சின்னச் சாமான் அது. அது ஊமையானால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இ.சி.யுவைப் பொறுத்தவரை வண்டி நிற்கிறது. ஆன் செய்தபோது இரண்டு விநாடி ஓடிய பம்ப்கூட, செல்ஃப் அடிக்கும்போது அடங்கிவிடும்.

இதற்கான சோதனை எளிது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம் முள் லேசாக அசைகிறதா பாருங்கள். சில வண்டிகளில் நல்ல நிலையிலும் அசையாது என்பதால் ஸ்கேனர் இன்னும் நம்பகமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசி சாக்கெட்டில் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம் எவ்வளவு என்று பாருங்கள். 150, 200 என்று ஏதாவது காட்டினால் சென்சார் பேசுகிறது. எஞ்சின் சுற்றும்போதும் பூஜ்யம் என்றால் சென்சார், அதன் கப்ளர், வயர் மூன்றில் ஒன்று. சூடானால் அணைந்து, அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும் வண்டியிலும் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

ஸ்கேனர் காட்டும் எண்களில் பி0335 கிராங்க் சென்சார் சுற்றையும், பி0340 கேம் சென்சார் (வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைப் பார்ப்பது) சுற்றையும், பி0230 பம்ப்பின் கரண்ட் சுற்றையும் குறிக்கும். "சுற்று" என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்சாரை மாற்று என்று அந்த எண் சொல்லவில்லை, அந்த வழியில் எங்கோ தடை என்கிறது. கப்ளரைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சாமான் வாங்குங்கள். ஸ்கேனரால் இ.சி.யுவோடு பேசவே முடியவில்லை என்றால், திரும்பவும் மெயின் ரிலேக்கும் எர்த்துக்கும் வாருங்கள்.

டீசல் வண்டி

டீசலில் ஸ்பார்க் பேச்சே இல்லை. டீசலும் அழுத்தமும் இருந்தால் எரியும். டேங்க் காலியாகி மறுபடி ஊற்றியும் பிடிக்காவிட்டால் லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கம் கை பம்ப் இருந்தால் அது கல் மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள். ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிகட்டும் திருகு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள், கடுங்குளிரில் அது முக்கியம், வெயில் நாளில் அவ்வளவு இல்லை.

காமன் ரெயில் டீசலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் உள்ள வகை) பழைய வழக்கப்படி இன்ஜெக்டர் பைப்பை லூஸ் செய்து காற்றை வெளியேற்றக் கூடாது. ஓடும்போது அதில் 1000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும், அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடிக்க வேண்டாம், வெடிக்கக்கூடும். தவறிப்போய் டீசல் வண்டியில் பெட்ரோலோ, பெட்ரோல் வண்டியில் டீசலோ ஊற்றிவிட்டால் சாவியை ஆன்கூடச் செய்யாதீர்கள், டேங்கைக் காலி செய்யும் வரை.

ஏமாற்றும் சில நேரங்கள்

பெட்ரோல் போட்டவுடன் மட்டும் அடம்பிடித்து, மற்ற நேரத்தில் நன்றாக இருக்கும் வண்டியில் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி அடித்தால் பிடிக்கும். மழைக்குப் பிறகோ எஞ்சினைக் கழுவிய பிறகோ பிடிக்காவிட்டால் காயிலும் கப்ளர்களும் நனைந்திருக்கும், காயவிட்டுப் பாருங்கள். கேஸிலும் பெட்ரோலிலும் ஓடும் வண்டியென்றால் மற்ற எரிபொருளுக்கு மாற்றி அடித்துப் பாருங்கள். ஒன்றில் பிடித்தால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் நன்றாக இருக்கின்றன என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

ஹைபிரிட் வண்டிக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் எஞ்சினைச் சுற்றுவது வேறு மோட்டார். ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள்.

பெட்ரோல், ஸ்பார்க், கிராங்க் சென்சார் மூன்றும் சரி, பெல்ட்டும் அறுந்துபோகவில்லை, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பெல்ட் பல் தாவியிருக்கலாம், கம்ப்ரஷன் இறங்கியிருக்கலாம். அதற்கு மேல் கருவியும் அனுபவமும் உள்ள கை வேண்டும். மெக்கானிக்குக்கு போன் செய்யும்போது "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "செல்ஃப் எடுக்குது, 12.5 வோல்ட் இருக்கு, பம்ப் சத்தம் கேக்குது, ஸ்பார்க் இருக்கு, ஸ்கேனர்ல 200 ஆர்.பி.எம் காட்டுது, பிளக் காய்ஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். வரும்போதே அவர் பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு வருவார்.